பொன்னுக்கு வீங்கி வந்த வாரம்

பள்ளிக்கூடம் அடைத்த மறு வாரமே நாத்தனார் ரோசரி தன் மகன் அமிர்தசாமியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஏதோ டிரெயினிங் என்று மதுரைக்குப் போய்விட்டாள்.

“ஒரு வாரம்தான் அண்ணி. அவன் ஒரு தொந்தரவும் பண்ண மாட்டான்.”

செல்வமேரி சிரித்துத் தலையாட்டினாள். அவளுக்கே மூன்று பிள்ளைகள். மூத்தவன் செபஸ்தியானுக்கு எட்டு வயது, இருதயமேரிக்கு ஐந்து. கைக்குழந்தை சகாயத்துக்குப் பல் முளைக்கிற நேரம், இரவெல்லாம் அழுகை.

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் ஓர் அறையும் ஒரு சமையலறையும்தான். கணவன் விக்டருக்கு என்ஜின் ஷெட்டில் இரவு டியூட்டி. பகலில் அவன் தூங்கியாக வேண்டும். விடியுமுன் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, கஞ்சி கொடுத்து, பிள்ளைகளைக் கொல்லைப்புற வேப்பமரத்தடிக்கு ஓட்டிவிடுவாள். வெயில் ஏறினால் அங்கேயும் இருக்க முடியாது. “சத்தம் போடாதீங்க, அப்பா தூங்குறாங்க” என்று சொல்லிச் சொல்லி அவள் தொண்டைதான் கட்டியது.

“அத்தை, ஸ்ரீரங்கத்துல ஆத்துக்குப் போகலாம்னு அம்மா சொன்னாங்க” என்று அமிர்தசாமி முந்தானையைப் பிடித்துக்கொண்டான்.

வீட்டுக்காரராவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்று செல்வமேரி நால்வரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். காவிரியில் பாதிக்கு மேல் மணல். ஓரமாக முழங்கால் அளவுத் தண்ணீர் ஓடியது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு படித்துறையில் உட்கார்ந்து, கண் சொக்கும்போதெல்லாம் தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டாள். செபஸ்தியான் மட்டும் சீக்கிரமே கரையேறி வந்தான்.

“அம்மா, காதுகிட்ட வலிக்குது.”

“தண்ணி போயிருக்கும். தலையைச் சாய்ச்சுக் குதிடா” என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் அவன் அவள் மேல் சாய்ந்து தூங்கியபோதுதான் உடம்பு கொதிப்பது தெரிந்தது.

மறுநாள் அவன் இரண்டு கன்னமும் உப்பிப் போயிருந்தன. பக்கத்து வீட்டு நஜ்முன்னிசா எட்டிப் பார்த்தாள்.

“பொன்னுக்கு வீங்கி, மேரி. காலனி பூரா இதுதான் ஓடுது.” தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் பையன் கழுத்தில் போட்டாள். “தங்கம் பட்டா இறங்கிடும்.”

வேண்டாம் என்று சொல்லக்கூடச் செல்வமேரிக்குத் தெம்பில்லை.

அடுத்து இருதயமேரிக்கு வந்தது. “அண்ணனுக்கு மட்டும் செயினா?” என்று அவள் வலியைவிட அதற்காகத்தான் அதிகம் அழுதாள். இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றிப் போட்டு, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி, கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். நல்லபடியாக இருந்த அமிர்தசாமியோ விளையாட ஆளில்லாமல் அவள் பின்னாலேயே சுற்றினான்.

வெள்ளிக்கிழமை காலை குழாயடியில் குடத்தை இடுப்பில் ஏற்றும்போது தாடையில் சுரீரென்றது. வாயைத் திறக்க முடியவில்லை. நஜ்முன்னிசா கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“உனக்கும் வந்துடுச்சு. போய்ப் படு, போ.”

வீட்டுக்கு வந்து பாயில் விழுந்தாள். அவளுக்கு முதலில் வந்தது பயம் அல்ல, நிம்மதி. இனி யாரும் எழுந்திருக்கச் சொல்ல முடியாது. அப்படி நினைத்ததே வெட்கமாக இருந்தது. சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்க்க முடியாமல் மறுபுறம் திரும்பிக்கொண்டாள்.

டியூட்டி முடிந்து வந்த விக்டர் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“என்னங்க, அடுப்புல உலை...” என்று எழப்போனாள்.

“படு செல்வம். எனக்குச் சின்ன வயசுலயே இது வந்து போயிடுச்சு. நான் பாத்துக்கிறேன்.”

லீவு சொல்லி அனுப்பினான். தண்ணீர் பிடிக்கப் போனவனைப் பார்த்துக் குழாயடியே சிரித்தது அவள் காதுக்கும் கேட்டது. கஞ்சி அடிப்பிடித்தது. குழந்தைக்குத் துணி மாற்றி முடிப்பதற்குள் மறுபடியும் நனைத்துவிட்டது. மத்தியானம் அவன் வியர்த்து வழிய அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“இந்தப் பய தூங்கவே மாட்டானா?”

“சிரிக்க வைக்காதீங்க. வலிக்குது.”

அவன் சிரிக்கவில்லை. அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். “தினம் இப்படித்தானா? நான் பாட்டுக்குத் தூங்கிட்டிருந்திருக்கேன்.”

அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது, தாடைதான் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செபஸ்தியானுக்கு வீக்கம் வடிந்திருந்தது. விக்டர் அவனையும் அமிர்தசாமியையும் அழைத்துக்கொண்டு பூசைக்குப் போய் வந்தான். திங்கட்கிழமை ரோசரி வந்துவிடுவாள். அவனும் இரவு டியூட்டிக்குத் திரும்பியாக வேண்டும். எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று இருவருக்கும் தெரியும்.

“காலைத் தண்ணிய நான் வந்து பிடிக்கிறேன். நீ குழாயடிக்குப் போகாதே” என்றான்.

“வேலை முடிஞ்சு வந்தா?”

“வந்துதான். அப்புறம் தூங்கிக்கிறேன்.”

தூளியில் குழந்தை வீரிட்டது. செல்வமேரி பழக்கத்தில் கையை ஊன்றினாள். அதற்குள் அவன் எழுந்து போய்விட்டான். அவள் மெதுவாகத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள்.