பதினோராம் விதியும் இரண்டு ராமுத்தாயும்

அட்டை ஏறினால் அலறக் கூடாது என்று வண்டிப்பெரியாரில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுவக்கீன் நாற்பத்தாறு வருஷமாக அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்து வருபவன். ஆனாலும் அன்று காலை, எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கும் இடத்தில், கணுக்காலில் ஒன்று ஊரவும், நேற்று பஸ்ஸில் வந்திறங்கிய டூரிஸ்ட் மாதிரி "ஐயோ!" என்று காலை உதறினான். உதறிய கால் முக்காலியில் பட்டது. முக்காலி சாய்ந்து, கேமரா தேயிலைச் செடிமேல் போய் உட்கார்ந்தது.

செடி தாங்கியதால் கேமரா பிழைத்தது. வரிசையில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் சுவக்கீனின் மானம்தான் பிழைக்கவில்லை.

அவன் ஒரே காட்சியை மூன்று தடவை எடுக்க வந்திருந்தான். மேகத்துக்காக இருட்டாக ஒன்று, ஆட்களுக்காக அளவாக ஒன்று, மரத்தடி நிழலுக்காக வெளிச்சமாக ஒன்று. மூன்றையும் கம்ப்யூட்டரில் சேர்த்தால் கண் பார்த்தது போலவே படம் வரும். இரண்டு முடிந்து மூன்றாவதுக்கு விரல் போகும்போதுதான் அட்டை வந்தது. கேமராவைப் பொறுக்கித் துடைத்து, முக்காலியை ஏறக்குறைய அதே இடத்தில் நட்டு, மூன்றாவதை எடுக்க ஆறு நிமிஷம் ஆயிற்று. ஏறக்குறைய என்பது அவனுக்குப் பிடித்த அளவு. தன் ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படங்களையும் அப்படித்தான் வெட்டுவான்.

சேர்த்த படம் பிரமாதமாக வந்தது. மேலே மேகம், நடுவில் தராசுக்கொக்கியில் சாக்கை மாட்டும் ராமுத்தாய், இடது பக்கம் மரத்தடியில் யாரோ ஒரு பெண். குமுளி கேமரா கிளப்பின் போட்டிக்கு அனுப்பினான். கண்காட்சிக்குத் தேர்வான முப்பது படங்களில் அதுவும் ஒன்று.

ராமுத்தாய்க்கு இந்த மாசத்தோடு ஓய்வு. முப்பத்துநாலு வருஷம் கொழுந்து எடுத்தவளுக்கு வேலை செய்கிற கோலத்தில் ஒரு படம் கிடையாது. இருப்பது அடையாள அட்டையில் உள்ளதுதான். அதில் தூக்கத்தில் தட்டி எழுப்பியதுபோல் முழிப்பாள். "குமுளியில செவுத்துல என்னைய மாட்டப் போறாங்க" என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைக் கண்காட்சிக்குப் போக ஜீப்பும் பேசி வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கிளப் செயலாளர் பின்சியிடமிருந்து ஈமெயில் வந்தது. பதினோராம் விதிப்படி, வெளிச்ச வித்தியாசத்தைச் சரிசெய்யப் பல படங்களைச் சேர்க்கலாம். ஆனால் கேமரா இடம் மாறக் கூடாது, படத்தில் இல்லாதது கூடவும் கூடாது. மூலப் படங்களை மாலை ஐந்துக்குள் அனுப்பவும்.

சுவக்கீன் மூன்றையும் திறந்தான். பின்னால் டீயோடு வந்த மனைவி அன்னமேரி எட்டிப் பார்த்தாள்.

"இது யாரு?"

"ராமுத்தாயக்கா."

"அப்ப மரத்தடியில?"

"அது வேற யாரோ."

"ரெண்டு பேரு இடுப்புலயும் அதே நீலப் பிளாஸ்டிக் ஷீட்டு, அதே எடத்துல மஞ்ச ஒட்டு. அக்காவுக்கு ரெட்டப்பிறவி இருக்குறது எனக்குத் தெரியாமப் போச்சே!"

ஆறு நிமிஷத்தில் ராமுத்தாய் தராசிலிருந்து மரத்தடிக்கு நடந்துவிட்டிருந்தாள். சுவக்கீன் டீயைத் தள்ளி வைத்தான். மலையாளம் கலந்து பேசும் பின்சிக்குப் போன் போட்டான்.

"மேடம், என் சினேகிதன் ஒருத்தன்... முக்காலி லேசா நகர்ந்துடுச்சாம்."

"லேசான்னா எத்தன இஞ்ச் சேட்டா?"

"ஏறக்குறைய..."

"கமிட்டிகிட்ட கேக்கணும். நோக்கட்டே, பாத்துட்டுச் சொல்றேன்."

கமிட்டியில் இருக்கும் ஜோஸைக் கூப்பிட்டான். ஜோஸ் நீளமாக மூச்சு விட்டார். "கலையில எது நகருது, எது நகரல சுவக்கீன்?" என்று கேட்டுவிட்டு, மழையைப் பற்றிப் பேசி வைத்துவிட்டார்.

பொய் சொல்வது ஒன்றும் கஷ்டமில்லை. மூன்று மூலப் படங்களையும் வெட்டித் திருத்தி, நேரத்தையும் மாற்றி அனுப்பினால் யாருக்குத் தெரியும்? கல்யாண வீடுகளில் முகப்பருவை நீக்கி, மாமனாருக்கு முடி முளைக்க வைத்த கை. மௌஸைப் பிடித்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். நாளைக்கு யாராவது கண்டுபிடித்தால், கூட்டத்துக்கு நடுவில் சுவரிலிருந்து இறக்கப்படுவது அவன் அல்ல, ராமுத்தாய். அதை நினைத்ததும் கை மௌஸை விட்டது. மறுபடி போன் போட்டான்.

"மேடம், சினேகிதன் இல்ல. நான்தான் ஒதச்சேன்."

"அது அப்பவே மனசிலாயி. சேர்த்த படம் வேண்டாம் சேட்டா. சேர்க்காத ஒத்தப் படம் இருந்தா அனுப்புங்க. பரிசுக்குப் பரிகணிக்க முடியாது. செவுத்துல மாட்டலாம்னு தோணுது. படத்துல இருக்குற ஆளோட சம்மதமும் வேணும்."

ஆட்களுக்காக அளவாக எடுத்த இரண்டாவது படம்தான் மிச்சம். அதில் மேகம் வெளுத்துப் போயிருந்தது, மரத்தடி கரேலென்று கிடந்தது. அதைப் போனில் ஏற்றிக்கொண்டு, மூன்றரை மணிக்கு லயத்துக்கு பைக்கை விட்டான். வழி முழுக்க அவன் மண்டைக்குள் ஜீப் ஒன்று காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

ராமுத்தாய் அப்போதுதான் கொழுந்துக்காட்டிலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்தப் படத்துல நீங்க ரெண்டு பேரா இருக்கீங்க."

"தெரியுமே. வாட்சாப்புல வந்த அன்னைக்கே பாத்துட்டேன். மரத்தடியில சாக்கு மடிக்குறது நானில்லாம யாரு?"

"ஏங்க்கா சொல்லல?"

"கல்யாண ஆல்பத்துல மாப்பிள்ளைய நாலு எடத்துல நிக்க வைக்கிறேல்ல? அது மாதிரி எனக்கும் எதோ மரியாதை பண்ணிருக்கேன்னு நெனச்சேன்."

சுவக்கீன் விதியைச் சொன்னான், உதைத்ததைச் சொன்னான், பரிசு போனதைச் சொன்னான். பிறகு போனை நீட்டினான். பக்கத்து வீட்டு சுடலைமணி திரையை எட்டிப் பார்ப்பதற்கு முன்னாலேயே, "சூப்பரு!" என்றான். இருபது வருஷமாக ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்த ஒரு சொல்லோடுதான் கிளம்புவார்கள். அன்னமேரி "ம்" என்பாள். எந்தப் படம் உருப்படி, எது இல்லை என்று சுவக்கீனுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

"இதத்தான் மாட்ட முடியும். உங்களுக்குச் சம்மதம்னாத்தான் அனுப்புவேன்" என்றான். "நெசத்தச் சொல்லுங்க. எப்படியிருக்கு?"

ராமுத்தாய் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள். சாக்கின் பாரத்தில் சாய்ந்த தோளை, பல்லைக் கடித்து இறுகிய தாடையை, இரண்டு விரலால் விரித்துப் பெரிசாக்கி நெடுநேரம் பார்த்தாள்.

"சுமாராத்தான் இருக்கு தம்பி" என்றாள். "ஆனா இது நாந்தான். இதையே அனுப்பு."