எவுலாலியாவின் தொலைபேசிப் பரீட்சை

ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்து, ஈரோட்டில் ஒரு பெண்கள் கல்லூரியில் பதினோரு வருடம் பாடம் எடுத்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அமெரிக்காவில் இந்த சுகர் லேண்டுக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் முதலில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் கேட்காமலேயே சொன்னேன்.

கணவர் நஞ்சுண்டனுக்கு எரிசக்தி நிறுவனம் ஒன்றில் வேலை. எனக்கோ வேலை பார்க்க அனுமதியில்லாத விசா. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் நஞ்சுண்டனுக்குத்தான் கஷ்டம். அதனால் அவரே தேடிப்பிடித்து, பக்கத்து நூலகத்தில் சனிக்கிழமை காலையில் சம்பளமில்லாமல் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலையில் என்னைச் சேர்த்துவிட்டார். இது 1997 செப்டம்பரில்.

நூலகத்துக்குப் பொறுப்பாளர் மிஸஸ் ஹாகர்ட்டி. நல்ல அம்மாள், ஆனால் பேச்சு தந்தி வேகம். வகுப்பு முடியும் நேரத்தில் கதவருகே வந்து மூச்சுவிடாமல் ஏதோ சொல்லிவிட்டுப் போவார். நான் சிரித்த முகத்தோடு "யெஸ், யெஸ்" என்பேன். போகும்போது நாற்காலிகளை அடுக்கிவைத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார் என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை அந்த அம்மாளே அடுக்கியிருக்கிறார், பாவம்.

என்னிடம் படிக்க வந்தவர்கள் ஏழு பேர். ஏழு பேருக்கும் ஸ்பானிஷ்தான் தாய்மொழி. ஏழு பேரும் ஒரே மருத்துவமனையில் சலவை, சமையல், துப்புரவு வேலை பார்ப்பவர்கள். அவர்களில் மூத்தவள் எவுலாலியா. எல் சால்வடோர்க்காரி, ஐம்பத்திரண்டு வயது, என்னைவிடப் பதினான்கு வயது பெரியவள். ஆனாலும் என்னை "மாயெஸ்த்ரா" என்றுதான் கூப்பிடுவாள். அவர்கள் மொழியில் டீச்சரம்மா என்று அர்த்தம். கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூரக் குளிரும்.

அவள் எதற்காக வந்தாள் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டாள். சலவைப் பிரிவில் ஒன்பது வருடமாக இருக்கிறாள். மூன்று பேருக்கு அவள்தான் வேலை கற்றுக்கொடுத்தாள். மூன்று பேரும் அவளுக்கு மேலே போய்விட்டார்கள். இப்போது பிரிவின் தலைவி ஓய்வு பெறப் போகிறாள். அந்த இடம் எவுலாலியாவுக்கு வேண்டும். தலைவியாக இருப்பவள் மாடியிலிருந்து வரும் தொலைபேசி உத்தரவுகளைக் கேட்டு, கீழே ஆட்களை ஏவ வேண்டும். அதனால் மேனேஜர் ட்வெயின் வைக்கிற பரீட்சையே தொலைபேசியில்தான். இதுவரை அவள் ட்வெயினின் கையைப் பார்த்தே வேலை செய்திருக்கிறாள். அவர் எந்தப் பக்கம் கை காட்டுகிறாரோ அதைச் செய்வாள். தொலைபேசியில் கை தெரியாது.

முதல் வகுப்பிலேயே ஓர் அதிசயம் நடந்தது. பேசிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, ஈரோட்டு வழக்கப்படி, உரையாடலைத் தயவுசெய்து 'டெர்மினேட்' செய்யுங்கள் என்றேன். ஏழு பேரும் சட்டென்று வாயை மூடினார்கள். கடைக்காரனிலிருந்து அடுத்த வீட்டுக்காரி வரை என்னை மூன்று தடவை திரும்பச் சொல்லவைக்கிற ஊரில், இவர்களுக்கு ஒரே தடவையில் புரிந்தது. 'கன்டினியூ' என்றால் புரிந்தது, 'ரெட்யூஸ்' என்றால் புரிந்தது, 'டெபாசிட்' என்றால் புரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் உச்சரிப்பு அவ்வளவு சுத்தம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

பாடப்புத்தகத்தில் இரண்டு அத்தியாயங்கள் 'அப்' பற்றியும் 'டவுன்' பற்றியும் இருந்தன. ஷட் டவுன், ஃபில் அப், டர்ன் டவுன், ஹோல்ட் அப் என்று பக்கம் பக்கமாக. அதெல்லாம் தெருப்பேச்சு, படித்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள் என்று சொல்லி, நாற்பது பக்கங்களை ஒரே புரட்டில் தாண்டினேன். எவுலாலியா மட்டும் அந்தப் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு டீச்சரம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்து மூடிவைத்துவிட்டாள்.

ஜனவரியில் பரீட்சை வந்தது. அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு எவுலாலியா எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். பதினொரு உத்தரவுகள், ஒன்றுகூடச் செய்யவில்லை. எல்லாவற்றுக்கும் "யெஸ் சார்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியைக் கையில் பிடித்தபடி நின்றாளாம். அவள் அழவில்லை, என்மேல் கோபப்படவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"மாயெஸ்த்ரா, உங்கள் இங்கிலீஷ் எனக்கு முழுக்கப் புரிகிறது. ஏனென்றால் அதில் பாதி ஸ்பானிஷ். கன்டினியூ, ரெட்யூஸ், டெர்மினேட், எல்லாம் எங்கள் வீட்டு வார்த்தைகள். ட்வெயின் பேசுகிறதில் எங்கள் வார்த்தை ஒன்றுகூட இல்லை."

எனக்கு மூக்குடைந்தது. என் உச்சரிப்பு, என் எம்.ஏ., என் பதினோரு வருடம், எதுவுமே அங்கே வேலை செய்யவில்லை. என் பெரிய பெரிய வார்த்தைகளெல்லாம் அவர்கள் மொழிக்கு உறவுக்காரர்கள், அவ்வளவுதான். அவளுக்கு உண்மையில் தேவைப்பட்ட நாற்பது பக்கங்களைத்தான் நான் கௌரவம் பார்த்துத் தள்ளிவிட்டிருந்தேன்.

அதைவிட மோசமான ஒரு விஷயத்தை அன்று சாயங்காலம் எனக்கு நானே ஒப்புக்கொண்டேன். அந்த நாற்பது பக்கங்களும் எழுத்தில் பார்த்தால்தான் எனக்குத் தெரியும். காதால் கேட்டால் எனக்கும் பிடிபடாது. கார் மெக்கானிக்கிடம் யெஸ், மிஸஸ் ஹாகர்ட்டியிடம் யெஸ், பல் டாக்டரிடம் யெஸ். நஞ்சுண்டன் ஆபீஸ் பையைக் கீழே வைப்பதற்குள் கேட்டேன்.

"ஏனுங்க, ஆபீஸ்ல அவங்க பேசறதெல்லாம் உங்களுக்குப் புரியுதுங்களா?"

"பாதி புரியும் சாந்தா. மீதிக்கு யெஸ் யெஸ்ன்னு தலையாட்டிட்டு, டீடெயில்ஸ் ஈமெயில் பண்ணுங்கன்னு சொல்லிருவேன்."

"அஞ்சு வருசமாவா?"

"அஞ்சு வருசமாத்தான். வெளிய சொல்லிப்போடாத."

திங்கட்கிழமை நஞ்சுண்டனை லீவு போடவைத்து, ஃப்ரீவேயில் அரைமணி நேரம் டிரைவ் பண்ணச் சொல்லி அந்த மருத்துவமனைக்குப் போனேன். ட்வெயின் நெடிய மனிதர், நியாயமானவரும்கூட. தப்பு எவுலாலியாவுடையது இல்லை, என்னுடையது, தவறான பாடம் நடத்திவிட்டேன் என்று சொன்னேன். அதைச் சொல்வது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று நஞ்சுண்டனைக் கேட்டால் தெரியும். ட்வெயின் யோசித்துவிட்டு, ஆறு வாரம் கழித்து இன்னொரு தடவை, அதுதான் கடைசி, அதற்குப் பிறகு வெளியிலிருந்து ஆளெடுத்துவிடுவேன் என்றார். இதையும் தாளில் எழுதி வாங்கித்தான் புரிந்துகொண்டேன். கூடவே ஒரு நாள் சலவைப் பிரிவில் நோட்டோடு உட்கார அனுமதி வாங்கினேன்.

கீழ்த்தளத்தில் இருந்தது அந்தப் பிரிவு. வீட்டறை அளவுக்குப் பெரிய துவைக்கும் இயந்திரங்கள், உலர்த்தும் இயந்திரங்கள், மடிப்பு மேஜைகள், மாடிக்குப் போகும் தள்ளுவண்டிகள். காலை ஏழிலிருந்து மூன்று மணி வரை, அங்கே யார் என்ன உத்தரவு போட்டாலும் எழுதினேன். அப்போது என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் எழுதினேன். பிடிபடாததைக் காதில் விழுந்த ஒலிப்படியே எழுதிவைத்து, வீட்டில் அந்த நாற்பது பக்கங்களோடு ஒப்பிட்டுப் பிடித்தேன். மொத்தம் அறுபத்துநான்கு உத்தரவுகள். அதில் நாற்பத்தொன்றில் அப் அல்லது டவுன் இருந்தது. இயந்திரத்தை நிறுத்தினால் டவுன், சூட்டைக் குறைத்தால் டவுன், மேஜையைத் துடைத்தாலும் டவுன். நிரப்பினால் அப், முடித்தால் அப், சீக்கிரம் என்றாலும் அப், பொறு என்றாலும் அப். இதில் மேலே எது, கீழே எது என்று தேடினால் பைத்தியம் பிடிக்கும். நான் தேடவில்லை. சாப்பிட்டுவிடு, எழுதிவை என்று நாம் சொல்வதில் 'விடு'வையும் 'வை'யையும் யார் தேடினோம்? அந்தந்த வார்த்தையை அந்தந்த வேலையோடு சேர்த்துப் பழகினோம்.

அப்படியே பழக ஆரம்பித்தோம். தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு என் சமையலறைத் தொலைபேசியிலிருந்து அவள் வீட்டுக்குக் கூப்பிடுவேன். அரைமணி நேரம் நான் ட்வெயின். அவள் தன் சமையலறையில் வாளி, துணி, அடுப்பு எல்லாவற்றையும் தயாராக வைத்திருப்பாள். நான் சொல்வதைக் கையால் செய்துகொண்டே என்ன செய்கிறாள் என்று வாயால் சொல்ல வேண்டும். ட்வெயின் மாதிரியே வார்த்தைகளை விழுங்கி விழுங்கிப் பேசினேன். என் கல்லூரி முதல்வர் கேட்டிருந்தால் மயக்கம் போட்டிருப்பார்.

அடுத்த அரைமணி நேரம் அவள் தலைவி, நான் வேலைக்காரி. தலைவிக்கு ஏவவும் தெரிய வேண்டுமே. அவள் சொல்லச் சொல்ல நான் என் வீட்டில் செய்தேன். மூன்றாவது நாள், அவள் வேகமாக நாலு உத்தரவுகளை ஒன்றாக அடுக்கினாள். எனக்குப் பாதியில் நூல் அறுந்துவிட்டது. பழக்கதோஷம், "யெஸ், யெஸ்" என்றேன். என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். அடுப்பைப் பெரிதாக்கினேன் என்றேன். அவள் சொல்லியிருந்ததோ அடுப்பைக் குறைக்க.

"மாயெஸ்த்ரா, புரியாமலே யெஸ் சொன்னீர்களா? என்னை மாதிரியே?"

ஆமாம் என்றேன். சாம்பார் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. அவள் சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. நானும் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்து முடித்த பிறகு இருவரும் ஒரு ஒப்பந்தம் போட்டோம். இனி புரியாமல் யெஸ் சொல்லக் கூடாது. புரியாவிட்டால் 'ஸ்லோ டவுன்' என்று எதிராளியை நிறுத்த வேண்டும். மெதுவாகச் சொல் என்று அர்த்தம், அவ்வளவுதான். நாற்பத்தொரு வார்த்தைகளிலும் எங்கள் இருவர் வாயிலும் வராமல் அடம்பிடித்தது அது ஒன்றுதான்.

என்னிடம் சொல்ல இரண்டு வாரத்தில் பழகிவிட்டாள். ஆனால் நான் வெறும் சாந்தாமணி. ட்வெயினிடம் சொல்வாளா என்பதுதான் எனக்குக் கவலை.

மார்ச் முதல் வாரத்தில் பரீட்சை. ட்வெயின் அனுமதித்ததால் நானும் போய், கவிழ்த்துவைத்த ஒரு துணிக்கூடைமேல் உட்கார்ந்தேன். சலவைப் பெண்கள் ஆறு பேர் வேலை செய்கிற மாதிரி நின்றுகொண்டு காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. எவுலாலியா எடுத்தாள். பென்சிலைப் பிடித்தாள். ஒன்று எழுதினாள், இரண்டு எழுதினாள், மூன்று எழுதினாள். ரிசீவரிலிருந்து ட்வெயினின் குரல் வண்டுபோல் இரைந்தது. வேகம் கூடிக்கொண்டே போனது. பென்சில் நின்றது.

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வர ஆரம்பித்தது. எனக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து என் முகத்திலும் அதுதான் இருந்தது. அடுத்து யெஸ் வரும். எழுந்து ஓடிப்போய் ரிசீவரைப் பிடுங்கலாமா என்றுகூட நினைத்தேன்.

எவுலாலியா என்னைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்தினாள்.

"ஹோல்ட் அப், மிஸ்டர் ட்வெயின். ஸ்லோ டவுன். நான் எழுதிக்கொள்ள வேண்டும்."

வேலை செய்கிற மாதிரி நின்றவர்கள் அதையும் விட்டுவிட்டு நின்றார்கள். ஒன்பது வருடத்தில் அந்த அறையில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. ரிசீவரில் இரைச்சல் ஓய்ந்தது. பிறகு குரல் மறுபடி வந்தது, நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக. அவள் பதினொன்றையும் எழுதினாள், எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டினாள், பிறகு தொலைபேசியை வைத்தாள்.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் இயந்திரத்தை ஷட் டவுன் பண்ணு, ஐந்தை ஃபில் அப் பண்ணு, உலர்த்தியின் சூட்டை டர்ன் டவுன் பண்ணு, நாலாம் மாடி வண்டியை லோட் அப் பண்ணு என்று ஆறு பேரையும் ஆட்டிவைத்தாள். பதினெட்டே நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. ட்வெயின் தன் பட்டியலோடு தானே இறங்கி வந்தார். ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பதினொன்றுக்குப் பதினொன்று.

திங்கட்கிழமையிலிருந்து தலைவி நீதான் என்றார். மூன்று தலைவிகள் பார்த்துவிட்டேன், என்னை நிறுத்தித் திரும்பக் கேட்டவள் நீ ஒருத்திதான், மற்றவர்கள் தப்பாகச் செய்துவிட்டு யெஸ் என்றுதான் சொன்னார்கள் என்றும் சொன்னார். ஆறு பெண்களும் உலர்த்திகளின் தகரக் கதவுகளைக் கையால் தட்டித் தீர்த்துவிட்டார்கள். கோயில் கொட்டு தோற்றுப்போகும் அந்தச் சத்தத்தில். எவுலாலியா என்னைக் கட்டிக்கொண்டாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன். கல்லூரியில் தங்கப்பதக்கம் வாங்கிய அன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை நூலகத்துக்குப் போனால் அறையில் நிற்க இடமில்லை. சலவை, சமையல், துப்புரவு என்று இருபத்துமூன்று பேர் வந்திருந்தார்கள். எல்லோரையும் எவுலாலியாதான் திரட்டியிருந்தாள். எம்.ஏ.வைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. பலகையில் ஒரே ஒரு பாடத்தை எழுதினேன். எவுலாலியா ஒரு பக்கம் நிற்க, நான் மறுபக்கம் நிற்க, இருபத்துமூன்று பேரும் சேர்ந்து அதை உரக்கச் சொன்னார்கள். மறுபடி சொன்னார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

மிஸஸ் ஹாகர்ட்டி ஓடி வந்தார். கதவருகே நின்று ஒரே மூச்சில் ஏதோ பொழிந்தார். சத்தத்தைப் பற்றியோ நாற்காலிகளைப் பற்றியோ, யாருக்குத் தெரியும்? என் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு பாதி வந்துவிட்டது. எவுலாலியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்லோ டவுன், மிஸஸ் ஹாகர்ட்டி," என்றேன்.

எனக்குப் பின்னாலிருந்து இருபத்துமூன்று குரல்கள் அதையே திரும்பச் சொல்லின. அந்த அம்மாள் திகைத்து, பிறகு வாய்விட்டுச் சிரித்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். எங்களுக்குப் பெரிய அறை ஒன்றைத் திறந்துவிட்டிருக்கிறாராம்.