சன்னலுக்கு ஒரு போர்வை

சன்னலுக்குத் துணி அடிக்க ஆள் வேண்டும் என்றதும் எல்லாரும் எல்லப்பனைத்தான் பார்த்தார்கள். புதுப்பட்டினத்தில் அஃப்தாப் வீட்டுக்குக் குழாய் ஒழுகினாலும் சரி, கேஸ் தீர்ந்தாலும் சரி, ஓடி வருகிறவன் அவன்தானே. மையவாடியில் அஃப்தாபைப் புதைத்து மண் போட்டுவிட்டு வந்தவன் இன்னும் கால்கூடக் கழுவவில்லை. ஐஸ் வண்டி சீட்டுக்கு அடியிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு சந்துப் பக்கம் போனான்.

முந்தின நாள் காலையில் மீன் ஏலம் விடும் இடத்தில் ஐஸ் இறக்கும்போது, கொக்கி நழுவி, ஆள் உயரப் பாளம் அஃப்தாபின் நெஞ்சில் சரிந்தது. ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் உயிர் தாங்கவில்லை. எல்லப்பன் அந்த வண்டிக்கு டிரைவர், அஃப்தாப் லோடுமேன். ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அஃப்தாபின் அம்மா அமீனா பீவி ஒரு போர்வையை நீட்டினாள். மகன் நிக்காஹ்வுக்கென்று எல்லப்பன் செங்கல்பட்டில் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்த போர்வை.

"இத அடிச்சிடுப்பா. மருமவ இத்தா இருக்கணும். நாலு மாசம் பத்து நாளு வெளி ஆம்பள கண்ணு அவ மேல படக்கூடாது. செவுத்தப் பாத்து உக்காந்துகினு கீறா, நீ பாட்டுக்கு அடி. உன்ன விட்டா எனக்கு யாரு கீறா? கூடப் பொறக்காத தம்பி மாரி இருந்தியே அவனுக்கு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள்.

அந்த மருமகள் மலீஹாவைப் பெண் பார்த்துக் கொடுத்ததே எல்லப்பன்தான். மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு போலீஸ்காரர் அவனையும் அஃப்தாபையும் சேர்த்துப் பிடித்து, "உள்ள தள்ளுனா வருசக் கணக்குல களி துன்னணும்டா" என்று ஆளுக்கொரு அறை விட்டு அனுப்பினார். இது நடந்தது இரண்டாயிரத்துப் பதினாறில். ஆணோடு ஆண் சேர்ந்தால் குற்றம், சட்டம் அப்போது அப்படித்தான் இருந்தது. அதற்குப் பிறகு அஃப்தாபுக்கு வீட்டில் கல்யாணப் பேச்சு. ஐஸ் கொண்டுபோகும் இறால் கம்பெனியில் வேலை பார்த்த மலீஹாவும் ரெஜினாவும் ஒரே தட்டில் சாப்பிடுவதைப் பார்த்து இவர்களும் தங்களைப் போலத்தான் என்று எல்லப்பனுக்குப் புரிந்திருந்தது. நான்கு பேரும் கூடிப் பேசி ஒரு நிக்காஹ் நடத்தினார்கள். ஊர் வாயை அடைக்க அது போதும் என்று நினைத்தார்கள்.

முதல் ஆணி இறங்கியது.

"அண்ணாத்த," என்றாள் மலீஹா உள்ளிருந்து. அவள் திரும்பவில்லை.

"இன்னா தங்கச்சி?"

"நிறுத்தாத. அடிச்சுகினே பேசு. சத்தம் நின்னா எட்டிப் பாப்பாங்க."

எல்லப்பன் ஆணி வைக்காமலே சன்னல் சட்டத்தை அடித்தான்.

"எனக்கு அழுவ வரல. புருசன் செத்தும் கல்லு மாரி கீறான்னு ஹால்ல பேசிக்கிறாங்க. தங்கமான மனுசன், என்ன அண்ணன் மாரி பாத்துகினான். ஆனா இது நீ உக்கார வேண்டிய எடம். உனக்குப் பதிலா நான் உக்காந்துகினு கீறேன்."

"நான் எங்க உக்கார்றது? நாளைக்கு லோடு கீது. லீவு கேட்டா, அவன் உனுக்கு சொந்தக்காரனான்னு கேக்குறாரு ஓனரு. வேற லோடுமேன அனுப்புறாராம்."

இரண்டு அடி சட்டத்தில் விழாமல் சுவரில் விழுந்தது. காரை உதிர்ந்தது.

"ரெஜினா வருதா?"

"பொம்பளதானே, துணைக்கு வந்து படுத்துக்கட்டும்னு மாமியே சொல்லிட்டாங்க. அத நெனச்சா உன் மூஞ்சில முழிக்க வெக்கமா கீது அண்ணாத்த."

எல்லப்பனுக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. உடனே அதற்காகத் தன்மேலேயே ஆத்திரமும் வந்தது.

கம்பிக்கு நடுவில் சுருட்டிய துணி ஒன்று நீண்டது.

"அவன் துணியெல்லாம் தர்மத்துக்குன்னு மூட்ட கட்டிட்டாங்க. இது மட்டும் கதவுக்குப் பின்னால மாட்டி இருந்தது. தோய்க்காதது. சீக்கிரம் வாங்கு."

நீலக் கட்டம் போட்ட சட்டை. மீன் வாடையும் வியர்வையும் அப்படியே இருந்தன. முகத்தில் வைத்துக்கொள்ள நேரமில்லை, காலடிச் சத்தம் கேட்டது. தன் சட்டைக்குள் திணித்து லுங்கியை இறுக்கினான்.

அமீனா பீவி டீயோடு சந்துக்கு வந்தாள்.

"இன்னாப்பா அது வயித்துல?"

"வண்டி தொடைக்கிற துணிம்மா."

அவள் தலையாட்டினாள். நிமிர்ந்து சன்னலைப் பார்த்தாள்.

"அந்த மூல தொறந்து கீது பாரு. அதையும் அடிச்சிடு."

எல்லப்பன் மூலையை இழுத்துப் பிடித்தான். இடுக்கு வழியாக மலீஹா முதல்முறையாகத் திரும்பி அவனைப் பார்ப்பது தெரிந்தது. ஆணியை வைத்து அடித்தான். உள்ளே மலீஹா ஓவென்று அலறினாள். எல்லப்பன் உதட்டைக் கடித்துக்கொண்டு சுத்தியலைக் கீழே வைத்தான்.

"அல்லாவே, இப்பத்தான் அழுவுறா," என்றாள் அமீனா பீவி. "அழுவட்டும். அவனுக்காக அவ அழுவாம வேற யாரு அழுவறது? டீ ஆறுதுப்பா, குடி."