துண்டுத்தாளில் இல்லாத கேள்வி

இலங்கை மலையகத்தில், ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் இராஜகுமாரி டீச்சர் இரண்டு வருடமாக ஒரு வேலை பார்த்து வந்தாள். வெள்ளிக்கிழமை மூன்றாம் பாடவேளையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேரையும் பாயில் வட்டமாக உட்கார வைப்பாள். ஒரு கேள்வி போடுவாள். பிறகு வாயை மூடிக்கொள்வாள். வாயை மூடிக்கொண்டிருப்பது ஒரு டீச்சருக்கு எவ்வளவு கஷ்டமான வேலை என்பது டீச்சர்மார் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

வட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஒருவர் சொன்னதை மறுக்க வேண்டுமானால், முதலில் அவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் “ஆமா, அதான்” என்று தலையாட்டிய பிறகுதான் மறுக்கலாம். இந்தச் சட்டம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குள்ளும் புகுந்துவிட்டது. “நான் ஏசினா, ஏசினத எனக்கே ஒப்பிச்சிட்டு ‘சரியாம்மா?’ன்னு கேக்குறா டீச்சர்” என்று வட்டத்துப் பிள்ளை நிரோஷாவின் அம்மா புஷ்பம் ஒருநாள் கொழுந்துக் கூடையோடு வந்து முறையிட்டாள். முறைப்பாடு போல ஆரம்பித்துப் பாதியில் அவளே சிரித்துவிட்டாள்.

ஆனால் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்க அதிபருக்கு அந்தப் பாடவேளை வீணாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை வலயக் கல்விக் கந்தோரிலிருந்து சாஹுல் ஹமீது சேர் மேற்பார்வைக்கு வருகிறார் என்றும், அவருக்குத் திருப்தி இல்லாவிட்டால் அந்தப் பாடவேளை இனிக் கடந்தகால வினாத்தாளுக்குத்தான் என்றும் சொல்லிவிட்டார்.

இராஜகுமாரி பயந்து போனாள். பயத்தில், மேற்பார்வைக்கு ஆள் வந்தால் ஊர் உலகத்தில் எல்லாரும் செய்வதையே அவளும் செய்தாள். வியாழக்கிழமை பதினொரு துண்டுத்தாளில் பதினொரு பதில் எழுதி, ஆளுக்கொன்று கொடுத்து, மூன்று முறை ஒத்திகை பார்த்தாள். இரண்டு வருடம் பொத்தி வைத்த வாயை ஒரே நாளில் திறந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சேர் வந்து, கதிரையில் அமர்ந்து, மடியில் படிவத்தை விரித்தார். இராஜகுமாரி கேள்வியைப் போட்டாள்.

“கனவுல ஒரு தப்பு செஞ்சிட்டோம். முழிச்ச பொறகு மன்னிப்புக் கேக்கணுமா?”

சுமன் எழுந்து நின்று முழங்கினான். “தேவையில்லை. கனவில் நடப்பதை நாம் யோசித்துச் செய்வதில்லை. ஆகவே அது நாம் செய்தது ஆகாது.” அடுத்த பிள்ளை, அதற்கடுத்த பிள்ளை என்று தண்ணீர் பட்டபாடாக ஒப்பித்தார்கள். சேரின் முகம் மலர்ந்தது. படிவத்தில் சரி, சரி, சரி என்று பேனா ஓடியது. இராஜகுமாரிக்கு மட்டும் தன் குரலையே ஒவ்வொரு வாயிலும் கேட்பது சகிக்கவில்லை.

நிரோஷாவின் முறை. அவள் துண்டை மடித்துக் காலுக்கடியில் வைத்தாள்.

“சுமன், யோசிக்காம செஞ்சது நம்ம செஞ்சது இல்லன்னு சொன்ன. சரியா?”

சுமன் திருதிருவென்று விழித்தான். இது ஒத்திகையில் இல்லை. “ஆமா, அதான்.”

“அப்ப இன்னைக்கு நாங்க ஒண்ணுமே யோசிக்கல. நேத்து டீச்சர் எழுதிக் குடுத்ததத்தான் சொல்றோம். இது நாங்க சொன்னதா, டீச்சர் சொன்னதா?”

வாசலில் நின்ற அதிபருக்கு இருமல் வந்தது. சேரின் பேனா நின்றது. “எழுதிக் குடுத்தீங்களா டீச்சர்?”

இல்லை என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். பத்து வயதுப் பிள்ளையின் பேச்சுத்தானே. ஆனால் நிரோஷா டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குறும்பு இல்லை, குற்றம் சாட்டவும் இல்லை. பதில் வேண்டும், அவ்வளவுதான்.

“ஆமா சேர். நான்தான் எழுதிக் குடுத்தேன். பாடவேளைய எடுத்துருவாங்களோன்னு பயம்.”

சொன்னதும் முகம் சுட்டது. இரண்டு வருட உழைப்பு அந்த ஒரு வாக்கியத்தோடு போய்விட்டது என்று நினைத்தாள்.

சேர் பிள்ளையின் பக்கம் திரும்பினார். “மகள், டீச்சர் சொல்றத பிள்ளைகள் திருப்பிச் சொல்றதுதானே படிப்பு? அதுல என்ன பிழை?”

“சேர், மொதல்ல நான் சொன்னத நீங்க சொல்லணும். அப்பறந்தான் மறுக்கலாம்.”

அதிபர் கண்ணை மூடிக்கொண்டார்.

சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “சரி. டீச்சர் செஞ்சது பிழை எண்டு சொல்றீங்க.”

“இல்லீங்க சேர். அது இல்ல.”

“பாடமாக்கக் கூடாது எண்டு?”

“அதுவும் இல்ல.”

பதினொரு பிள்ளைகளும் அவரையே பார்த்தார்கள். அவர் நிஜமாகவே யோசிப்பது தெரிந்தது. முப்பது வருடச் சேவையில் அவரை யாரும் இப்படி நிறுத்தி வைத்ததில்லை.

“பாடமாக்கலாம்,” என்றார் மெதுவாக. “ஆனா நானே யோசிச்சுப் பாக்காம, என்ட எண்ணம் எண்டு சொன்னா, அதுல நான் இல்ல.”

“ஆமா, அதான்!” என்றாள் நிரோஷா.

அதோடு வட்டம் உடைத்துக்கொண்டு கிளம்பியது. யோசித்துச் சொன்னாலும் சில எண்ணம் அம்மாவுடையது என்றான் சுமன். அப்படியென்றால் அம்மாவுக்கு யார் கொடுத்தது என்று கேட்டாள் இன்னொருத்தி. துண்டுத்தாள்கள் பாயடியில் கசங்கின. மணியடித்தும் யாரும் எழும்பவில்லை. இராஜகுமாரி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனம் நிறைந்து வழிந்தது.

சேர் படிவத்தில் போட்ட சரிகளை ஒவ்வொன்றாக வெட்டினார். “இது உங்கட மார்க்ஸ் டீச்சர். பிள்ளைகள்ட இல்ல,” என்று சொல்லிப் புதுப் படிவம் எடுத்தார். போகும்போது அதிபரிடம், “பாஸ்ட் பேப்பருக்கு வேற பாடவேளை பாருங்க. இதுல கை வைக்க வேணாம்,” என்றார்.

எல்லாரும் போன பின்பும் நிரோஷா பாயைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

“டீச்சர், கோவமா?”

“உன்ன நெனச்சா அவ்வளவு பெருமையா இருக்கு புள்ள. நான் பயந்த எடத்துல நீ பயப்படல.”

நிரோஷா பாயை மூலையில் சாத்தினாள். பிறகு சட்டப்படி திருப்பிச் சொன்னாள்.

“அப்ப, நான் டீச்சர மாட்டிவிடல. டீச்சர் சொல்லிக் குடுத்ததத்தான் செஞ்சேன். சரியா?”

இராஜகுமாரி அவள் தலையைத் தடவினாள்.

“ஆமா,” என்றாள். “அதான்.”