பீமில் ஒட்டிய காகிதம்

1

இதுவரை எழுதப்பட்ட கதைகளிலேயே நேர்மையான கதை இதுதான். சொல்கிறவன் சிவில் இன்ஜினியரிங் நான்காம் வருஷம்; ‘தொழில் அறம்’ பாடத்தில் தொண்ணூற்றொரு மார்க். போன மாதம் ஒரு வீட்டுச் சாப்பாட்டு வேளையில் என் காதில் விழுந்ததுதான் கதை. எதையும் மறைக்கப்போவதில்லை.

2

முதல் தொடக்கம்: ‘செஞ்சிக் கோட்டை மதிலுக்கு எந்த இன்ஜினியரும் சான்றிதழ் கொடுத்ததில்லை, அதனால்தானோ என்னவோ இன்னும்...’

(விட்டுவிட்டேன். வெறும் ஜம்பம்.)

இரண்டாவது: கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்க வேண்டுமானால், கட்டடம் உறுதி என்று இன்ஜினியர் கன்னியப்பன் கையெழுத்துப் போடவேண்டும். பார்க்கப் போனார். மூன்றாம் வகுப்பு பீமில் விரிசல். காரை உதிர்ந்து வருகைப் பதிவேட்டில் விழுவதாக அமலா டீச்சர் சொன்னார். விரிசலுக்குக் குறுக்கே ஒரு காகிதத் துண்டை ஒட்டித் தேதி எழுதினார் கன்னியப்பன். விரிசல் வளர்ந்தால் காகிதம் கிழியும்.

பதினோராம் நாள் கிழிந்திருந்தது.

3

கட்டடம் கட்டிய காண்ட்ராக்டர் நெடுமாறன், கன்னியப்பன் மனைவியின் தம்பி. (கதையில் இது தற்செயல். எங்கள் ஊரில் நடைமுறை.)

‘கட்டியது என் மச்சான், வேறு ஆள் பார்க்கட்டும்’ என்று கன்னியப்பன் எழுதிக் கொடுத்திருக்கலாம். ஒரே வரி. கை வரவில்லை. நானென்றால் எழுதிக் கொடுத்திருப்பேன்.

நெடுமாறன் சாப்பிட வந்தான்.

“கம்பி ரெண்டு கொறச்சது மெய்தான் மாமா. நீங்க எழுதிட்டீங்கன்னா என் பொழப்பு பூடும். அப்புறம் அக்கா மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

கன்னியப்பன் ரசத்தைப் பிசைந்துகொண்டே, “புள்ளைங்கள வேற ரூமுக்கு மாத்தச் சொல்றேன்” என்றார்.

“இன்னாத்துக்குன்னு கேப்பாங்க இல்ல?”

மோர் வந்தது.

4

முடிவுகள்.

அ) கன்னியப்பன் மறுத்துவிடுகிறார். (நம்பும்படி இல்லை. இருபத்தோரு வருஷமாக அவரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். ஆமாம், அவர் என் நைனா.)

ஆ) பீம் விழுகிறது. பெஞ்சுகளில் நாற்பத்தொரு பிள்ளைகள், முதல் வரிசையில்...

(முடியவில்லை.)

இ) கையெழுத்துப் போட்டார். பள்ளி திறந்தது. அதே அறை.

நடந்தது இதுதான். இன்றுவரை.

5

எழுதியதை நைனா நேற்று எடுத்துப் படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பள்ளிக்கூடத்துப் பேரு போட்டிருக்கியேடா” என்றார். அவ்வளவுதான்.

பெயரை எடுத்துவிட்டேன். வல்லம் பக்கமா, மேல்மலையனூர் ரோடா என்பதையும். கன்னியப்பன், நெடுமாறன், அமலா எல்லாம் நேற்று வைத்த பெயர்கள். கதை ஒன்றும் கெட்டுவிடவில்லை. வாசிக்க இன்னும் நன்றாகவே இருக்கிறது.

முடிவு உங்கள் கையில். பிள்ளை மூன்றாம் வகுப்பென்றால், நாளைக் காலை விடப் போகும்போது அண்ணாந்து பாருங்கள். எந்தப் பள்ளி என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.