பெயர் போடாத கடிதம்

யெத்லினா கிராமத்தின் புதுக் கோயில் வட்டமான கான்கிரீட் கட்டடம். கோபுரம் கிடையாது, ஜன்னலும் கிடையாது. கூரையைச் சுற்றி ஒரு கண்ணாடி வளையம், அவ்வளவுதான். மூன்று கோடைகாலம் ஊரே சேர்ந்து மணலும் கல்லும் சுமந்து கட்டியது.

ஹெட்விகாவும் சுமந்தாள். ஆனால் அவளுடைய அப்பா செதுக்கிய மாதா சுரூபத்துக்குப் புதுக் கோயிலில் இடமில்லை, பழைய சிற்றாலயத்திலேயே இருக்கட்டும் என்று ஃபாதர் ஹூபெர்ட் சொன்ன அன்றே அவள் மனசு ஒடிந்துவிட்டது. ஃபாதரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குப் போய் ஃபாதருக்கு மேலே இருக்கிற ஆயருக்குக் கடிதம் எழுதினாள். பெயர் போடவில்லை. "இது கோயில் இல்லை, மாட்டுத்தீவனத் தொட்டி" என்று ஆரம்பித்தாள்.

அது அவளுடைய வார்த்தை இல்லை. தபால்காரி ப்லாஷெனா பீர்க்கடையில் எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னது. எழுதும்போதே ஹெட்விகாவுக்கு அது தெரியும். தெரிந்தேதான் எழுதினாள்.

ஆயர் விசாரணை வைத்ததால், வசந்தத்தில் நடக்கவேண்டிய அர்ச்சிப்பு, அதாவது கோயில் திறப்பு, செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. கடிதத்தின் முதல் வரி எப்படியோ ஊருக்குள் கசிந்தது. அப்புறம் யாரும் யோசிக்கவே இல்லை, ப்லாஷெனாதான் எழுதினாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"தொட்டிக்காரி வர்றா, வாயைத் திறக்காதீங்கப்பா! நாளைக்கே ஆயருக்குப் போயிடும்" என்று பீர்க்கடை வாசலில் குரல் எழும். ப்லாஷெனா சைக்கிளை மிதித்துப் போய்விடுவாள். ஹெட்விகா திரைச்சீலைக்குப் பின்னால் நின்று கேட்பாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். அப்படியே ஐந்து மாதம் ஓடிவிட்டது.

அர்ச்சிப்பு முடிந்த பிறகு கோயில் முற்றத்தில் விருந்து. ப்லாஷெனாவும் ஒரு தட்டு நிறைய பிளம் பழம் வைத்த கொலாச்செ என்ற இனிப்பு ரொட்டி சுட்டு எடுத்துவந்திருந்தாள். மற்ற தட்டுகள் எல்லாம் காலியாயின. அந்தத் தட்டை யாரும் தொடவில்லை. அவள் அதன் பக்கத்திலேயே, கைகளைக் கோத்தபடி நின்றாள்.

ஹெட்விகா தன் தட்டைக் கீழே வைத்தாள். எழுந்தாள்.

"அந்தக் கடுதாசியை எழுதினது நான்" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னாள். "நான்தான் எழுதினேன். ப்லாஷெனா இல்லை. பழி அவ மேல விழும்னு தெரிஞ்சேதான் எழுதினேன்."

ஃபாதர் தலை குனிந்துகொண்டார். ஹெட்விகா ப்லாஷெனாவிடம் போனாள்.

"என்னை மன்னிச்சிரு."

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் ப்லாஷெனா. "பெட்டியிலிருந்து கவரை எடுத்ததே நான்தானே? எழுத்தை மாத்தி எழுதினாப் போதுமா? முகவரியில நீ போடுற அந்தக் கோணல் ஒம்பது எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லலை? ஊரே உன்னை..."

"யார் யாருக்கு எழுதுறாங்கன்னு தபால்காரி வெளியே சொல்லலாமா? நீயா வருவேன்னு பார்த்தேன். தினமும் உன் வாசலுக்கு வந்தேனே."

ஹெட்விகாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அதற்குள் இரண்டு மூன்று பேர் அசடு வழிந்துகொண்டு கொலாச்செக்குக் கை நீட்டினார்கள். ப்லாஷெனா தட்டைத் துணியால் மூடினாள்.

"இல்ல, பரவாயில்லை. வீட்டுல சாப்பிட ஆள் இருக்கு."

திங்கட்கிழமை வழக்கமான நேரத்தில் சைக்கிள் மணி கேட்டது. ஹெட்விகா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"உங்களுக்கு ஒரு பதிவுத் தபால்" என்றாள் ப்லாஷெனா. "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து அவள் ஹெட்விகாவை 'நீங்க' என்று கூப்பிட்டதே இல்லை.