மழைத்தண்ணி மட்டும்

மணிமேகலைக்கு யாரையும் பட்டினி போட்டுப் பழக்கமில்லை. அவள் ஆரணிக்கு மருமகளாக வந்தபோது கொழுந்தன் சுதாகர் தாயில்லாப் பிள்ளை, நோஞ்சான். ஊட்டி ஊட்டியே ஆளாக்கினாள். 'போதும் அண்ணி' என்று அவன் இலையை மறைத்தாலும் விரல் இடுக்கில் சோற்றைத் தள்ளிவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் போய் அந்தச் செடியைக் கொடுத்தானே!

அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவன், தீபாவளி லீவில் பொத்திப் பொத்திக் கொண்டுவந்த செடி. நிமிர்ந்து நிற்கும் குழல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி. தேனுக்கு ஆசைப்பட்டு உள்ளே இறங்கும் ஈ வழுக்கி விழுந்தால் அதோடு சரி, செடி தின்றுவிடும்.

"சதுப்புப் புல்வெளில மொளைக்கிறது அண்ணி இது. அந்த மண்ணுல சத்தே கெடையாது. அதான் ஈய புடிச்சித் தின்னுது. மழைத்தண்ணி மட்டும் ஊத்துங்க. ஒரம் கிரம் போட்டா வேர் வெந்துபூடும். உங்கள விட்டா யாருகிட்ட குடுப்பேன்?"

டிரம் நிறைய மழைத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினான்.

கொஞ்ச நாள் சொன்னபடிதான் ஊற்றினாள். ஆனால் மொட்டைமாடிக்குப் போகும்போதெல்லாம் தொட்டியருகே நின்று புலம்பினாள். வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு ஈக்காக வாயைத் திறந்துகொண்டு நிற்கிறதே, இதுவும் ஒரு பிழைப்பா? கணவன் ராஜவேலு கீழே தறிக்குழியில் நெய்துகொண்டே சத்தம் போட்டான்: "அவன் சொன்னத மட்டும் செய்டி." கேட்டால்தானே! கடலைப் புண்ணாக்கை ஊற வைத்துக் கரைத்து ஒரு சொம்பு ஊற்றினாள். குழல்களின் ஓரம் கருகியது. இன்னும் பசி போலிருக்கிறது என்று மேலும் ஊற்றினாள், பாவி.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"செடி எப்டி இருக்குது அண்ணி?"

"அதுக்கு இன்னா, ஜோரா வளந்துகினு இருக்குது."

கண் காணாத இடத்தில் தனியாகக் கிடக்கிற பிள்ளை, அவன் மனசை எதற்கு நோகடிக்க வேண்டும்? அடுத்த ஞாயிறும் அதே கேள்வி, அதே பதில். சித்திரையில் வருகிறேன் என்று அவன் சொன்னபோது தொட்டியில் கருப்புக் குச்சிகள்தான் நின்றன.

வந்தவன் பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது புடவையோ சாக்லேட்டோ இல்லை, ஒரு பை நிறையக் காய்ந்த பாசி. "செடிய இதுல மாத்தி வெக்கலாம்னு வாங்கியாந்தேன்" என்று சொல்லிக்கொண்டே மாடி ஏறினான். பின்னாலேயே ஓடினாள்.

தொட்டியருகே குந்தினான். மண்ணை மோந்து பார்த்தான். வேரைத் தோண்டி எடுத்து விரலால் அழுத்தினான்; கூழாக நசுங்கியது.

"திட்டுடா" என்றாள். "வாய்க்கு வந்தபடி திட்டு. புண்ணாக்கு ஊத்தினது நான்தான்."

"பரவால்ல அண்ணி, வேணும்னேவா செஞ்சீங்க?" பாசிப் பையை மெல்ல மடித்தான். "போன்ல கேட்டப்பவே கருகுதுன்னு சொல்லியிருந்தா போதும். வேர கழுவி, மண்ண மாத்தியிருந்தா பொழச்சிருக்கும்."

எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! அத்தனையிலும் அது உயிரோடுதான் இருந்திருக்கிறது.

மத்தியானம் இலை போட்டாள். இரண்டாவது கரண்டிக்கு "போதும் அண்ணி" என்று கையைக் குறுக்கே வைத்தான். அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னா அண்ணி, நெஜமாவே நிறுத்திட்டீங்க? ஒடம்பு நல்லாத்தான இருக்குது?"

"ஜோரா..." என்று ஆரம்பித்த வாய் பாதியில் நின்றது. கரண்டியை வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குள் போய் அழுதாள்.